மறைத்தது ஏழு

ஞாயிற்றுக்கிழமை புதையல் வேட்டை என்றார்கள் பஞ்சாயத்தில்,
பழைய ஆஸ்பத்திரி வளாகத்தில்.
எந்த ஆஸ்பத்திரி என்று நோட்டீசில் வரக்கூடாது.
பரிசு, ஐந்து லிட்டர் குக்கர்.
துப்பு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.
வீட்டுவரி எழுதுகிற கை
எதையும் எழுதும் என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் தனியாகப் போனேன்,
வேலந்தாவளம் தாண்டி, கடலைக்காட்டுக்கு நடுவில்.
ஓடு சரிந்த நீளக் கட்டடம்.
வானம் மட்டும் தெரிகிற உயரத்தில் ஜன்னல்கள்.
ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பாள்
வெளிப்பக்கம்.
பையில் ஏழு பித்தளை டம்ளர்.
கிணற்று ராட்டினத்துக்குப் பின்னால் ஒன்று,
துவைகல்லுக்கு அடியில் ஒன்று,
வார்டன் அறைப் பரணில் ஒன்று.
தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம், அந்தத் தொட்டி.
அதில் ஒன்று வைக்கக் குனிந்தேன்.
வைக்கவில்லை.
கறிவேப்பிலை மரத்தில் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் பதினொரு அணி, தொப்பி, மைக்,
சர்பத் கடைகூட வந்துவிட்டது.
நான்காவது துப்பில்தான் சறுக்கினேன்.
'களி நடந்த இடத்தில் அல்ல, களி கிடைத்த இடத்தில்'
என்று விளக்கி எழுதியிருக்க வேண்டும்.
வெறும் 'களி இருந்த இடம்' என்று
இரண்டு லிபியிலும் எழுதித் தொலைத்தேன்.
தமிழில் படித்தவர்கள் சமையல்கட்டுக்கு ஓடினார்கள்.
மலையாளத்தில் படித்தவர்கள்
விளையாட்டு மைதானம் எங்கே எங்கே என்று
சுற்றிச் சுற்றி வந்தார்கள்.
"இங்க யாரு விளையாடியிருப்பா?"
சகாயராணி டீச்சர் கேட்டதற்கு
மூச்சு வாங்கியபடி ஒரு பையன் சொன்னான்,
"சமயம் போகுந்நு டீச்சரே."

ராவுத்தர் வீட்டு ஷம்லா
இரண்டு மொழியும் பேசுகிறவள், ஆகவே எதையும் நம்பாதவள்.
டம்ளர் கிடைத்த பிறகும் அடுப்படியைக் குடைந்துகொண்டிருந்தாள்.
"அக்கா, எட்டாவது!"

நான் எட்டு வைக்கவில்லை.

துருவேறிய பவுடர் டப்பா.
உள்ளே நாலணாக் காசு ஐந்து.
பொள்ளாச்சி வரைக்கும் அன்றைக்குப் போதுமோ என்னவோ.
பல் உதிர்ந்த ஒரு சீப்பு.
பஸ் ஏறும்போது
பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது இல்லையா.
அப்புறம் ஒரு கயிறு, சேலைக் கிழிசலில் திரித்தது,
முழத்துக்கு ஒரு முடிச்சாக
ஏழு முடிச்சு.

யாரும் பார்க்காத நேரம் கிழக்குச் சுவரில் பிடித்துப் பார்த்தேன்.
சுவர் எட்டு முழம்.
உச்சியில் கண்ணாடிச் சில்லு இன்னும் மின்னுகிறது.

ஆபீஸ் பீரோவில் அந்தக் காலத்துப் பேரேடு கிடக்கிறது,
ஒருக்களித்த கால் ஒன்றுக்கு முட்டுக்கொடுத்தபடி.
அதில் மூன்று பத்தி:
குணம். மரணம். ஓட்டம்.
மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் ஒல்லி.
டப்பாவில் பெயர் இல்லை.
பெயர் இல்லாமல் எந்தப் பத்தியில் தேடுவது?

நாற்பதடி தள்ளி அதே சுவர் இடிந்து கிடக்கிறது.
ஆடுகள் போய் வருகிற தடம்.
கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு
நானும் ஆடுபோல ஏறி இறங்கினேன்.
போன் அதிர்ந்தது.
தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்றது.
அதே பனை, அதே செம்மண்,
ஒருவன் டிராக்டரை நிறுத்திவிட்டு
பீடிக்குத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தான்.
என்னை ஏறிட்டுப் பார்த்தான்.
தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டேன்,
ஏன் என்று தெரியவில்லை.

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
குக்கர் கொடுக்க நேரமாகிவிட்டதாம்.

திங்கட்கிழமை செயலர் கணக்குக் கேட்டார்.
மறைத்தது ஏழு, கிடைத்தது எட்டு என்று எழுதினேன்.
"எப்படிம்மா டேலி ஆகும்?"
ஆகாது சார் என்றேன்.
அடித்துவிட்டு ஏழு என்று
அவரே எழுதிக்கொண்டார்.